சொந்த வீடியோக்களை டிவியில் பார்க்க எந்தக் கருவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டூடியோ கொடுத்த கல்யாண பென்டிரைவ், பீரோவில் கிடக்கும் காதுகுத்து டிவிடி, ஹேண்டிகேம் மெமரி கார்டு, மூன்று ஃபோன் மாறியும் கூடவே வந்த கிளிப்புகள். இவற்றை ஹாலில் உட்கார்ந்து பெரிய திரையில் பார்க்க என்ன வாங்குவது என்பது பற்றிய கேள்விகள் இங்கே. ஓடிடி பற்றி இதில் ஒன்றும் கிடையாது.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஃபைல்களில் வகைக்கு ஒன்று எடுங்கள்: கல்யாண வீடியோ ஒன்று, இப்போதைய ஃபோனில் எடுத்தது ஒன்று, பழைய ஃபோனில் எடுத்தது ஒன்று, ஹேண்டிகேமில் இருந்து ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்தது ஒன்று. ஐந்தையும் ஒரு 16 ஜிபி பென்டிரைவில் போட்டு டிவியின் யு.எஸ்.பி. துளையில் செருகிப் பாருங்கள். எது ஓடுகிறது, எதில் சத்தம் இல்லை, எது பட்டியலிலேயே வரவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டிய கருவியை அந்தத் தாள்தான் சொல்லும். ஐந்தும் ஓடினால் செலவு முடிந்தது. ஒன்று மட்டும் ஓடவில்லை என்றால் அந்த ஒரு வகையை மாற்றிக்கொள்வதே மலிவு. கடைக்காரரிடம் போய் “எல்லா வீடியோவும் ஓடுமா?” என்று கேட்டால் ஓடும் என்றுதான் சொல்வார், அவருக்கு உங்கள் ஃபைல் எப்படித் தெரியும்?

எம்.பி.4 என்றால் எல்லா டிவியிலும் ஓடும் என்கிறார்களே?

எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., எம்.ஓ.வி. எல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருக்கும் சரக்கு வேறு. ஒரே எம்.பி.4 டப்பாவுக்குள் எச்.264 முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம், எச்.265 என்கிற எச்.இ.வி.சி. படமும் இருக்கலாம். எச்.264 வந்தது 2003-இல். இன்று வீட்டில் இருக்கும் ஏறக்குறைய எந்த டிவியும் அதை ஓட்டும். எச்.இ.வி.சி. 2013-இல் வந்தது. ஐஃபோன்கள் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இந்த முறையில்தான் வழக்கமாகப் பதிவு செய்கின்றன. அதனால்தான் 2014-இல் வாங்கிய முழு எச்.டி. டிவி, அண்ணன் ஐஃபோனில் எடுத்த கிளிப்பைப் பார்த்து “இந்த ஃபார்மட் இல்லை” என்கிறது. டிவி கெட்டுப்போகவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க, கணினியில் வி.எல்.சி. என்ற இலவச பிளேயரில் ஃபைலைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு ‘ஜே’யை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் மூன்று வரிகள் போதும்: ‘கோடெக்’ என்ற வரி எச்.264-ஆ எச்.இ.வி.சி.யா என்று சொல்லும். ‘ஃப்ரேம் ரேட்’, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது, 25, 30, 50, 60 என்று ஏதாவது காட்டும். ‘டிகோடட் ஃபார்மட்’ என்ற வரியில் 4:2:0 அல்லது 4:2:2 என்று இருக்கும். இந்தக் கடைசி வரியை யாரும் பார்ப்பதில்லை. கல்யாண வீடியோ சிக்கல்களில் பல அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

ஸ்டூடியோக்காரர் ஹார்ட் டிஸ்கில் ‘ரா ஃபுட்டேஜ்’ கொடுத்தார். டிவியில் ஓடவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இப்போதைய கல்யாணக் கேமராக்களில் பல 4:2:2, 10 பிட் முறையில் பதிவு செய்கின்றன. அதாவது நிறத் தகவல் வழக்கத்தைவிட அதிகம். எடிட் செய்பவருக்கு அது வசதி. டிவி, டிவியில் செருகும் ஸ்டிக், ஆண்ட்ராய்டு பெட்டி எல்லாவற்றிலும் இருக்கும் சிப்புகள் 4:2:0 படத்தை ஓட்டத்தான் செய்யப்பட்டவை. நாற்பதாயிரத்துக்குப் புது டிவி வாங்கினாலும் இதே கதைதான். படம் கருப்பாக இருக்கும், சத்தம் மட்டும் வரும். அல்லது பச்சையும் ஊதாவுமாகக் கட்டம் கட்டமாகத் தெரியும்.

எம்.ஓ.வி. டப்பாவில் சத்தம் சுருக்கப்படாத பி.சி.எம். ஆக இருப்பதும் உண்டு. சில டிவிகள் படத்தைக் காட்டிவிட்டு சத்தத்தை விழுங்கிவிடும்.

ஓடினாலும் படம் சாம்பல் பூத்தாற்போல், பட்டுப்புடவையின் அரக்கு நிறமெல்லாம் செத்துப்போய்த் தெரியலாம். அது ‘லாக்’ என்ற முறையில் எடுத்தது. நிறத்தை எடிட்டிங்கில் திருத்திக்கொள்வார்கள் என்ற நினைப்பில் வேண்டுமென்றே வெளுப்பாகப் பதிவு செய்வது. கேமராமேனைத் திட்ட வேண்டாம்.

தீர்வு: ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாற்றுங்கள். ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற தயார் அமைப்பு முதலில் வந்து நிற்கும். அதிலே ஒரு பொறி இருக்கிறது: அது நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு மேல் விடாது. நம் ஊர்க் கல்யாணங்களில் பெரும்பாலும் 25 அல்லது 50 ஃப்ரேமில்தான் எடுக்கிறார்கள். ஐம்பதை முப்பதாக வெட்டினால் மாலை மாற்றும்போது கைகள் விட்டு விட்டு நகரும். வீடியோ பக்கத்தில் ஃப்ரேம்ரேட்டை ‘சேம் ஆஸ் சோர்ஸ்’ என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள். மூலத்தை அழிக்க வேண்டாம். பின்னாளில் வேறு யாராவது நன்றாக எடிட் செய்து தருவார்கள்.

இன்னொன்று. ஆர்டர் கொடுக்கும்போதே “டிவியில் பார்க்க எச்.264, 8 பிட், 4:2:0, எம்.பி.4, சத்தம் ஏ.ஏ.சி.” என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எடிட்டருக்கு அது இரண்டு நிமிட வேலை.

பென்டிரைவைச் செருகினால் ‘டிவைஸ் சப்போர்ட் இல்லை’ என்கிறது.

வீடியோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பென்டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஃபேட்32-ஐ எல்லா டிவியும் படிக்கும். ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஐஃபோனில் 4கே, 60 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. பத்து நிமிடத்திலேயே எல்லை வந்துவிடும். 4கே, 30 ஃப்ரேம் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி. இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும். தாலி கட்டும் காட்சியை நிறுத்தாமல் அரைமணி நேரம் எடுத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

என்.டி.எஃப்.எஸ். முறையைப் பெரும்பாலான டிவிகள் படிக்கும். 4 ஜிபி தடை இல்லை. எக்ஸ்ஃபேட்டைப் புது டிவிகள் பல படிக்கும், பழையவை படிக்காது. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பென்டிரைவ்கள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட்டில்தான் பெரும்பாலும் வரும். மேக் கணினியின் சொந்த முறையில் ஃபார்மட் செய்ததை டிவி தொடாது.

செய்ய வேண்டியது: பென்டிரைவில் இருப்பதைக் கணினிக்கு நகலெடுங்கள். விண்டோஸில் பென்டிரைவ் மேல் வலது கிளிக், ஃபார்மட், என்.டி.எஃப்.எஸ்., குவிக் ஃபார்மட். மறுபடி நகலெடுத்து, ‘இஜெக்ட்’ கொடுத்த பிறகே பிடுங்குங்கள். அவசரத்தில் பிடுங்கினால் கணினி பொறுத்துக்கொள்ளும். டிவி பொறுக்காது, அடுத்த முறை படிக்க மறுக்கும்.

ஹார்ட் டிஸ்க் செருகினால் ‘டிக், டிக்’ என்று சத்தம் வருகிறது. டிவியில் வரவில்லை.

உடனே கழற்றுங்கள். மின்சாரம் போதவில்லை. யு.எஸ்.பி. 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். நீல நிற 3.0 துளை 900. உள்ளே தட்டு சுழல ஆரம்பிக்கும் அந்த முதல் நொடியில் சின்ன 2.5 அங்குல டிஸ்குக்கே அதைவிட அதிகம் தேவைப்படலாம். சுழல முயல்வது, நிற்பது, மறுபடி முயல்வது: அந்தச் சத்தம்தான் அது. இப்படியே விட்டுவைத்தால் டிஸ்க் போய்விடும்.

தனி அடாப்டரோடு வரும் யு.எஸ்.பி. ஹப் ஒன்றை நடுவில் வையுங்கள். அல்லது ஹார்ட் டிஸ்கை விட்டுவிட்டு எஸ்.எஸ்.டி.க்கு மாறுங்கள், அதற்குச் சுழலும் பாகம் இல்லை. 3.5 அங்குலப் பெரிய டிஸ்குக்கு 12 வோல்ட் அடாப்டர் எப்படியும் வேண்டும்.

சரி, டிவியின் பிளேயர் சரிப்படவில்லை. ஸ்டிக் வாங்கவா, பெட்டி வாங்கவா?

சொந்த ஃபைல் பார்ப்பதற்கென்றால் பெட்டி. முழு அளவு யு.எஸ்.பி. துளை உள்ள கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவி பெட்டியாகப் பாருங்கள். அதில் வி.எல்.சி., கோடி (Kodi) என்ற இரண்டு பிளேயர் ஆப்களையும் பிளே ஸ்டோரிலிருந்தே போட்டுக்கொள்ளலாம். பென்டிரைவைச் செருகினால் வேலை முடிந்தது.

ஃபயர் டிவி ஸ்டிக்கில் ஃபைல் வைக்க இடமும் குறைவு, முழு அளவு யு.எஸ்.பி. துளையும் இல்லை. மைக்ரோ யு.எஸ்.பி. உள்ள மாடல்களில் ‘ஓ.டி.ஜி. ஒய் கேபிள்’ ஒன்று வாங்கி, ஒரு முனையை ஸ்டிக்கிலும், ஒன்றை அதன் அடாப்டரிலும், மூன்றாவதைப் பென்டிரைவிலும் செருகலாம். பென்டிரைவ் ஓடும்; ஹார்ட் டிஸ்க் ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஃபேட்32-இல் ஃபார்மட் செய்தால்தான் நிச்சயம், அப்போது 4 ஜிபி தடை திரும்ப வந்துவிடும். கோடி அமேசானின் ஆப் ஸ்டோரில் இல்லை; வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். 2025-இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட், ஆண்ட்ராய்டை விட்டுவிட்டு வேகா என்ற புது இயங்குதளத்துக்குப் போய்விட்டது. ஆண்ட்ராய்டு ஆப்களை வெளியிலிருந்து ஏற்றும் வழி அதில் கிடையாது. தள்ளுபடியில் வந்தாலும் இந்த வேலைக்கு அது வேண்டாம்.

ஏற்கெனவே ஸ்டிக் இருக்கிறது என்றால் தூக்கிப்போட வேண்டியதில்லை. கீழே ‘மாடியில் ஒரு டிவி’ என்ற கேள்வியில் ஜெல்லிஃபின் பற்றிய பதிலைப் பாருங்கள். நெட்வொர்க் வழியாகப் பார்க்க ஸ்டிக்கே போதும்.

பேர் தெரியாத பெட்டி ஒன்று ‘8கே’ என்று போட்டு இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது.

வேண்டாம். 8கே என்பது பெட்டியின் அட்டையில் மட்டும்தான். அதைவிடப் பெரிய ஆபத்து, இப்படிப்பட்ட சில பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே தீநிரல் ஏற்றப்பட்டு வந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற பெயரில் இதைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது. வீட்டு வைஃபையில் அப்படி ஒன்றை இணைப்பது, முன்பின் தெரியாதவரிடம் வாசல் சாவியைக் கொடுப்பது மாதிரி. பிளே ஸ்டோரும் கூகுள் சான்றும் முறையாக உள்ள பெட்டியையே வாங்குங்கள்.

ஆப்பிள் டிவி?

யு.எஸ்.பி. துளை கிடையாது. பென்டிரைவ் செருகும் எண்ணம் இருந்தால் இத்தோடு விட்டுவிடலாம். வீட்டில் எல்லோரும் ஐஃபோன், ஃபைல்கள் எல்லாம் ஒரு கணினியில் அல்லது நாஸில் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன என்றால் நல்ல கருவி: வி.எல்.சி. அல்லது இன்ஃபியூஸ் ஆப் வழியாகப் பகிர்வுக் கோப்புறையைத் திறந்து பார்க்கலாம். அமைப்புகளில் ‘மேட்ச் ஃப்ரேம் ரேட்’டை ஆன் செய்ய மறக்காதீர்கள்.

ராஸ்பெரி பை இன்னும் பயன்படுமா?

உள்ளங்கை அளவுச் சின்னக் கணினி அது. கைவேலை பிடித்தவர்களுக்குப் பயன்படும். லிப்ரெஎலெக் என்ற இயங்குதளத்தை மெமரி கார்டில் எழுதிச் செருகினால், மின்சாரம் கொடுத்தவுடன் நேராகக் கோடி திறக்கும். எச்டிஎம்ஐ-சிஇசி வழியாக டிவி ரிமோட்டிலேயே இயங்கும்.

எந்த மாடல் என்பதில்தான் கவனம் வேண்டும். பை 4-இல் எச்.இ.வி.சி. 4கே, 60 ஃப்ரேம் வரை வன்பொருளிலேயே ஓடும். எச்.264 ஆனால் 1080பி வரைதான். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் 4கே வீடியோ எச்.264-ஆகப் பதிவாகிறது, அதை பை 4-இல் போட்டால் படம் தவழும். பை 5-இல் எச்.264-க்கு வன்பொருள் உதவியே கிடையாது. 1080பி என்றால் அதன் சி.பி.யு. சமாளித்துவிடும். பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் யு.எஸ்.பி. துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. ஹார்ட் டிஸ்க் மறுபடி ‘டிக், டிக்’.

பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது.

அதைவிட நல்ல செய்தி கிடையாது. எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று, வி.எல்.சி. ஒன்று. டிவி மறுக்கும் டப்பாக்களில் பெரும்பாலானவற்றை அது திறந்துவிடும். சத்தம் லேப்டாப்பிலேயே வந்தால், விண்டோஸின் ஒலி ஐகானைக் கிளிக் செய்து வெளியீட்டை டிவியின் பெயருக்கு மாற்றுங்கள். மூடியைச் சாய்த்ததும் தூங்கிவிடுகிறது என்றால் பவர் ஆப்ஷன்ஸில் ‘மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே’ என்று வையுங்கள். விண்டோஸின் சொந்த பிளேயர் எச்.இ.வி.சி.க்குத் தனியாகக் காசு கேட்கும், வி.எல்.சி. கேட்காது. 2012-க்கு முந்தைய லேப்டாப்பில் 4கே மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஃபோனிலிருந்தே டிவிக்குக் காஸ்ட் செய்தால் போதாதா?

நான்கு கிளிப் பார்க்கப் போதும். ஆனால் ‘ஸ்க்ரீன் மிரரிங்’ செய்தால் ஃபோன் தன் திரையையே மறுபடி படம்பிடித்துச் சுருக்கி அனுப்புகிறது. 4கே எடுத்த பயனே போய்விடும், நடுவில் கால் வந்தால் அதையும் ஊரே பார்க்கும். கேலரி அல்லது வி.எல்.சி. ஆப்பில் உள்ள காஸ்ட் பொத்தானே மேலானது.

மாடியில் ஒரு டிவி, கீழே ஒரு டிவி. எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும்.

பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதை நிறுத்தும் கட்டம் இது. ஃபைல்கள் ஒரு கணினியில், அதில் ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் என்ற வீடியோ சர்வர் மென்பொருள், டிவிகளில் அவற்றின் ஆப். ஜெல்லிஃபின் முழுக்க இலவசம். பிளெக்ஸ் வீட்டுக்குள் பார்க்க இலவசம்; வீட்டுக்கு வெளியிலிருந்து பார்க்க 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து கட்டணம்.

ஜெல்லிஃபினைக் கணினியில் நிறுவி, உலாவியில் அதன் பக்கத்தைத் திறந்து, லைப்ரரி சேர்க்கும்போது வகை என்ன என்று கேட்கும். அங்கே ‘ஹோம் வீடியோஸ் அண்ட் போட்டோஸ்’ என்று கொடுங்கள். ‘மூவீஸ்’ என்று கொடுத்தால் அது உங்கள் ஃபைல் பெயரை இணையத்தில் தேடி, ‘கல்யாணம்’ என்ற பெயருக்கு யாரோ ஒரு வேற்றுமொழிப் பட போஸ்டரை ஒட்டி வைத்துவிடும். பிளெக்ஸில் அதே இடத்துக்கு ‘அதர் வீடியோஸ்’ என்று பெயர். பிறகு டிவி ஆப்பில் அந்தக் கணினியின் ஐ.பி. முகவரியும் 8096 என்ற போர்ட் எண்ணும் கொடுத்தால் இணைந்துவிடும். ரவுட்டர் ஒவ்வொரு முறையும் வேறு ஐ.பி. கொடுத்தால் டிவி ‘சர்வர் இல்லை’ என்று அழும், ரவுட்டரின் டி.எச்.சி.பி. பகுதியில் அந்தக் கணினிக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

டிவி ஓட்டக்கூடிய ஃபைலாக இருந்தால் சர்வர் அப்படியே அனுப்பும். பழைய லேப்டாப்பே தாங்கும். டிவியால் முடியாததை ஓடும்போதே மாற்றி அனுப்ப வேண்டும் என்றால்தான் பலம் வேண்டும். அதற்கு இன்டெல் என்100 சிப் உள்ள சின்ன மினி பி.சி. நன்றாகப் பொருந்தும். அந்தச் சிப்பின் மின் வரையறை வெறும் 6 வாட். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினாலும் கரண்ட் பில்லில் பெரிதாகத் தெரியாது. ஜெல்லிஃபினின் பிளேபேக் அமைப்பில் ‘குவிக் சின்க்’கை (இன்டெல் சிப்பில் வீடியோ மாற்றுவதற்கென்றே உள்ள பகுதி) தேர்வு செய்தால்தான் அந்தப் பலம் வேலைக்கு வரும், தேர்வு செய்யாவிட்டால் சி.பி.யு. மட்டும் மூச்சு வாங்கும். யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்கின் அடைவு குழம்பிவிடும்.

வைஃபையில் நின்று நின்று ஓடுகிறது. நெட் பிளானைக் கூட்டவா?

அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. வீட்டுக்குள் ஓடும் வீடியோ இணையத்துக்குப் போவதில்லை. கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 400 எம்பி என்றால் நொடிக்கு 53 மெகாபிட். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு செங்கல் சுவரைத் தாண்டி அவ்வளவு கொடுப்பது அரிது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது சர்வரையாவது ரவுட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள். இரு பக்கமும் வைஃபை என்றால் ஒரே காற்றில் ஒரே வீடியோ இரண்டு முறை பயணம் செய்கிறது. டிவியின் லேன் துளை பெரும்பாலும் 100 மெகாபிட்தான் என்றாலும் வீட்டு வீடியோக்களுக்கு அது தாராளம்.

பழைய கல்யாண டிவிடிகளை என்ன செய்வது?

பிளேயர் வாங்காதீர்கள், ஃபைலாக மாற்றுங்கள். அதுவும் சீக்கிரம். ஸ்டூடியோவில் எழுதிய டிவிடி, தொழிற்சாலையில் அச்சடித்தது அல்ல. ஒரு சாயப் படலத்தில் லேசரால் சுட்டது. வெயிலும் ஈரமும் அதை வெளுக்கும். விளிம்பிலிருந்துதான் கெடுதல் அடிக்கடி தொடங்கும். முழு டிஸ்கில் விளிம்பில் இருப்பது கடைசிக் காட்சிகள்.

டிஸ்கைத் திறந்தால் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் வெட்டப்பட்ட ‘வி.ஓ.பி.’ ஃபைல்கள் இருக்கும். அப்படியே பென்டிரைவில் போட்டால் ஒவ்வொரு துண்டு முடிவிலும் தடுக்கும். மேக்எம்கேவி என்ற மென்பொருளைக் கொண்டு ஒரே எம்.கே.வி.யாக எடுத்து, அதை ஹேண்ட்பிரேக்கில் போடுங்கள். நம் ஊர் டிவிடிகள் பால் முறை: 720 x 576, நொடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு பாதிகளாகப் பின்னப்பட்டது. மணப்பெண் நடந்து வரும்போது புடவை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிவது அதனால்தான். ஃபில்டர்ஸ் பக்கத்தில் ‘டீஇன்டர்லேஸ்’, அதில் ‘பாப்’, ஃப்ரேம்ரேட் 50, ‘கான்ஸ்டன்ட்’, தரம் ஆர்.எஃப். 18 முதல் 20. இருபத்தைந்தாக விட்டால் கோடுகள் போகும், ஆனால் நகர்வின் வழவழப்பும் சேர்ந்து போகும். டிவியில் எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் படவடிவம் 4:3 என்று மாற்றுங்கள்.

காமிரா நகரும்போது படம் திக்கித் திக்கிப் போகிறது. ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது.

25, 50 ஃப்ரேம் வீடியோவை ஸ்டிக் 60 ஹெர்ட்ஸில் வெளியே தள்ளுகிறது. ஐம்பதை அறுபதில் நிரப்ப, சில ஃப்ரேம்களை இரண்டு முறை காட்டுகிறது. ஃபயர் டிவியில் ‘மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட்’, கோடியில் ‘அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரிஃப்ரெஷ் ரேட்’. ஆன் செய்தால் வீடியோ தொடங்கும்போது திரை ஒரு நொடி கருக்கும், அது இயல்பு.

ஐஃபோன் வீடியோ டிவியில் வெளுத்துத் தெரிகிறது.

காரணம் எச்.டி.ஆர்., அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் வழக்கத்தைவிட அதிகமாகப் பதியும் முறை. 2020-இல் வந்த ஐஃபோன் 12 முதல் டால்பி விஷன் என்ற எச்.டி.ஆர். வகையில் பதிவாகிறது, எச்.டி.ஆர். தெரியாத டிவிக்கு அந்த நிறங்கள் புரியாது. இனி எடுப்பதற்கு: செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ, எச்.டி.ஆர். வீடியோவை ஆஃப். ஏற்கெனவே எடுத்ததற்கு, ஜெல்லிஃபினில் ‘டோன் மேப்பிங்’கை (எச்.டி.ஆர். நிறத்தைச் சாதாரண டிவிக்கு ஏற்றபடி மாற்றுவது) ஆன் செய்து சர்வர் வழியாகப் பாருங்கள்.

ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது டிவியில் படுத்துக்கொண்டு வருகிறது.

ஃபோன் படத்தைத் திருப்புவதில்லை. ‘திருப்பிக் காட்டு’ என்று ஒரு சீட்டு மட்டும் ஒட்டுகிறது. பழைய டிவிகள் அந்தச் சீட்டைப் படிப்பதில்லை. ஹேண்ட்பிரேக் அதைப் படித்து, நிஜமாகவே திருப்பிக் கொடுக்கும்.

தமிழ் சப்டைட்டில் போட்டால் எழுத்து உடைகிறது.

தாத்தாவின் பேச்சுக்குப் பேரப்பிள்ளைகளுக்காகவும், காது மந்தமானவர்களுக்காகவும் எஸ்.ஆர்.டி. என்ற சப்டைட்டில் ஃபைல் எழுதுபவர்கள் இப்போது அதிகம். இரண்டு விதமாக உடையும், இரண்டுக்கும் காரணம் வேறு. வெறும் கேள்விக்குறிகளோ கிறுக்கலோ வந்தால் சேமித்த முறை தவறு: நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து யு.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுங்கள்.

எழுத்து வருகிறது, ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கிறது என்றால் டிவியின் குறை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றே சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும் மென்பொருள்தான் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும். பல டிவிகளின் பிளேயர் அதைச் செய்வதில்லை. ‘கொடுத்தான்’ என்பதில் க-வுக்கு முன் வர வேண்டிய கொம்பு பின்னால் போய், புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். டிவி அமைப்பில் எதைத் திருகினாலும் சரியாகாது. கணினியில் வி.எல்.சி.யில் சரியாகத் தெரிகிறதா பாருங்கள்; தெரிந்தால் ஹேண்ட்பிரேக்கில் அந்த எஸ்.ஆர்.டி.யைச் சேர்த்து ‘பர்ன் இன்’ டிக் செய்யுங்கள். எழுத்து படத்தோடு படமாகிவிடும். முதலில் ஒரு நிமிடத் துண்டில் சோதித்துவிட்டு முழுதையும் ஓட்டுங்கள்.

அம்மா தானே போட்டுப் பார்க்க எது சுலபம்?

டிவி, ஒரு பென்டிரைவ். வேறொன்றும் வேண்டாம். எல்லாவற்றையும் எச்.264 எம்.பி.4 ஆக்கி, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இல்லாமல் வையுங்கள். பெயர் வருடத்தில் தொடங்கட்டும்: 2009, 2014 என்று தானாக வரிசையாகும். எண் போட்டால் 01, 02 என்று போடுங்கள். வெறும் 1, 2 என்றால் சில டிவிகளில் 1-க்குப் பிறகு 10 வந்து நிற்கும், வளைகாப்புக்கு முன்னால் குழந்தை பிறந்துவிடும். பழைய டிவி தமிழ்ப் பெயர்களைக் கட்டங்களாகக் காட்டினால் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்ற வேண்டியதுதான்.

உறவினர்களிடம் இருக்கும் வீடியோவை எப்படி வாங்குவது?

வாட்ஸ்அப்பில் ‘கேலரி’ வழியாக அனுப்பச் சொல்லாதீர்கள், சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே வரும்.

எல்லாவற்றையும் அந்தப் பென்டிரைவிலேயே வைத்திருக்கலாமா?

பார்ப்பதற்கு மட்டும். பென்டிரைவ் மின்னூட்டத்தில் நினைவு வைத்திருப்பது. வருடக்கணக்கில் டிராயரில் கிடந்தால் மறக்கும். மூலங்கள் ஒரு ஹார்ட் டிஸ்கில், அதன் நகல் இன்னொரு டிஸ்கில், அந்த இரண்டாவது அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ. வருடத்துக்கு இரண்டு முறை செருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். ‘2 டிபி பென்டிரைவ் ஐந்நூறு ரூபாய்’ என்று வருவது போலி: உள்ளே சில ஜிபிதான் இருக்கும், நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், நகல் எடுக்கும்போது எந்தப் பிழையும் காட்டாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழு இடத்தையும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். புதுப் பென்டிரைவ் எதுவானாலும் வீடியோ ஏற்றுவதற்கு முன் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். 64 ஜிபிக்கு யு.எஸ்.பி. 2.0-வில் மணிக்கணக்கில் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.